பதினேழாம் எலியின் படம்

என் பெயர் அச்சான முதல் ஆய்வுக் கட்டுரையின் மூன்றாவது படம் ஓர் எலியின் முதுகுத்தண்டு. சாம்பல் நிறத் தண்டின் நடுவில் மிளகளவுக்கு ஒரு கறுப்பு. அதற்குக் கீழே, ஊசி போட்டு இருபத்தொரு நாள் கழித்தும் செல்கள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எழுதியது நான்தான். பொய் என்று தெரிந்தே எழுதினேன். 

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். இரண்டு வகை இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, சூடாக்கி, அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மை மாதிரி ஒரு கறுப்பு திரண்டு வரும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவுத் துகள்கள். நானோ துகள் என்கிறார்களே, அதுதான். அதற்குச் சர்க்கரைப் பொருள் ஒன்றால் மேல்பூச்சு கொடுத்து, எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு ஊட்டுவோம். ஒரு நாள் வைத்தால் செல்கள் அதை விழுங்கிவிடும். விழுங்கிய செல்களை, முதுகுத்தண்டு அடிபட்ட எலிக்கு ஊசியால் போடுவோம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். இரும்பு இருக்கும் இடம் மட்டும் கறுத்துப்போகும். எலியை அறுக்காமலே, நாம் போட்ட செல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. நானும் மயங்கித்தான் போனேன்.

வீட்டில் என் அண்ணன் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் இருந்தான். அப்பா ரயில்வேக்காரர், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாளில், ஹௌராவில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேகன்களைக் கோக்கும்போது கால் வழுக்கி இரண்டுக்கும் நடுவே விழுந்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தான். பிறகு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. கண்ணாடிக் கூண்டு, இரண்டு போன், ஒரு உயரமான ஸ்டூல். கைகளை ஊன்றி ஒரே எம்பில் நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்துவிடுவான். யாராவது தாங்கிப் பிடிக்க வந்தால் கெட்ட கோபம் வரும். வங்காளியோடு வங்காளம், பீகாரியோடு இந்தி, கரக்பூரிலிருந்து வரும் தெலுங்குக்காரரோடு அரைகுறைத் தெலுங்கு என்று நாளெல்லாம் வாயாடிக்கொண்டிருப்பான்.

அவனுக்காகத்தான் நான் இந்த ஆராய்ச்சிக்குப் போனேன் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். துர்கா பூஜைப் பந்தலில், சித்தி முறை சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டு மாசிமாக்கள் என் கன்னத்தைத் தொட்டு முத்தி, இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். சுத்தப் புளுகு. எனக்கு உதவித்தொகை கிடைத்தது, இடம் இருந்த கூடத்தில் சேர்ந்தேன், அங்கே எலியின் முதுகை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் யாராவது அப்படிப் புகழும்போது நான் மறுத்ததில்லை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது பூத்தில் எட்டிப் பார்ப்பேன். அவன் விடமாட்டான்.

"என்ன டாக்டரம்மா, எலி நடந்துச்சா?"

"நடக்குது, ஓடுது. உன்னைவிட நல்லா ஓடுது."

"அதுக்குப் போடற தீனியை எனக்குப் போட்டிருந்தா நானும் ஓடியிருப்பேன். இந்த அம்மா காலையில என்ன குடுத்தா தெரியுமா? உப்புமா. எலிகூடத் தொடாது."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அவன் கால்களைப் பற்றி நாங்கள் இருவரும் நேராகப் பேசியதே கிடையாது.

எங்கள் கூடத்தில் எம்.ஆர்.ஐ. கிடையாது. எலிக்கென்று தனியாகச் சின்ன இயந்திரங்கள் வெளிநாட்டில் உண்டு. எங்களுக்கு அதெல்லாம் எட்டாக்கனி. என் வழிகாட்டியை நாங்கள் ஸார் என்போம். அவருடைய கல்லூரித் தோழர் ஒருவர் பாலிகஞ்சில் இருந்த ஸ்கேன் சென்டரில் பங்குதாரர். அவர் தயவில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், முதல் நோயாளி வருவதற்கு முன்னால், எங்களுக்குக் கிடைத்தது. மனிதருக்கான இயந்திரத்தில் எலி. மயக்க ஊசி போட்ட எலிகளைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே பழைய துணி மூடி, டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். மனிதர்கள் மணிக்கட்டை வைக்கும் வளையத்துக்குள் எலியைக் கிடத்துவோம். அளவு சரியாக இருக்கும். படம் எடுக்கிறவரை வங்காள வழக்கப்படி தாதா, அதாவது அண்ணா, என்போம்; நல்ல மனிதர். முடிந்ததும் தானே பினாயில் போட்டுத் துடைப்பார். "நோயாளி கேட்டால் நான் என்ன சொல்வேன், திதி? உங்களுக்கு முன்னால் ஒரு எலி படுத்திருந்தது என்றா?" என்று வங்காளத்தில் அக்கா போட்டுப் புலம்புவார். நாங்கள் போன பிறகு ஊதுவத்தி வேறு ஏற்றுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அடிதடி. இன்னும் இரண்டு கூடத்துக்காரர்கள் அதே நேரத்துக்குக் காத்திருந்தார்கள். ஒரு ஞாயிறை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு எலிக்கு மூன்று படம் வேண்டும்: ஊசி போட்ட மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. ஒன்று தவறினால் மொத்தமும் வீண்.

என் ஆராய்ச்சியின் நான்காம் வருடம், பூஜை விடுமுறைக்கு அடுத்த ஞாயிறு எனக்குக் கிடைத்தது. எலிக்கு முதுகில் அடி கொடுத்துத் தயாராக வைத்திருந்தேன். செல்கள் இரும்பை விழுங்கி, உடம்புச் சூடு காக்கும் இன்குபேட்டரில் இருந்தன. விடுமுறைக்குக் கட்டடத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். மின்கசிவில் தீப்பிடித்துவிடும் என்று பயம். எலிகள் பின்கட்டில் தனி லைனில் இருந்தன, ஆள் வந்து தீனி போடுவார். அதில் கவலை இல்லை. இன்குபேட்டருக்காகத்தான், சுவிட்சை அணைக்காதீர்கள் என்று வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, சுவிட்ச் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன். ஏகாதசியன்று, அதாவது சாமி கரைத்த மறுநாள், போய்ப் பார்த்தால் இன்குபேட்டர் சில்லென்று கிடந்தது. என் காகிதத்தைக் காணோம். காவலாளியைக் கேட்டேன். அவர் பதிவேட்டுக்குள்ளிருந்து அதை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார். காற்றில் பறந்துவிடுமே என்று பத்திரமாக எடுத்து வைத்தாராம். அந்த ஆளைத் திட்டவும் முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

செல்கள் தட்டிலிருந்து பெயர்ந்து மிதந்தன. நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, செத்தது விட்டுவிடும். கண்ணுக்கு எட்டிய வரை நீலம். ஒன்றுகூட மிச்சமில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்கேன்.

அன்றைக்கு நான் செய்ததை எத்தனையோ தடவை எனக்கே நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு போய்விடும், எலிக்குக் கொடுத்த அடி வீணாகிவிடும், ஸார் கத்துவார், சாயம் பழசாகியிருக்கலாம், நாலைந்து செல் பிழைத்திருக்கலாம். எல்லாம் சாக்கு. செத்த செல்களைத் திரட்டி ஊசியில் ஏற்றி, எலியின் முதுகில் போட்டேன். நோட்டில் "எலி 17, செல் போடப்பட்டது" என்று மட்டும் எழுதினேன்.  படம் ஒன்றும் வராது, சரியாகப் போடவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

படம் வந்தது. அதுதான் என் தலையெழுத்து. மறுநாளும் கறுப்பு, ஒரு வாரம் கழித்தும் கறுப்பு, மூன்றாம் வாரமும் கறுப்பு. மற்ற எலிகளில் கறுப்பு லேசாகப் பரவிக் கலங்கலாக இருக்கும். இதில் மட்டும் பொட்டு வைத்தது போலக் கச்சிதமாக நின்றது. ஸார் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தாருண்" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். நாலு வருடத்தில் அவர் என்னைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். கட்டுரைக்கு இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

 எனக்கு மனசு கேட்கவில்லை. எலியை அறுத்து, தண்டைச் சீவிச் சீவி, இரும்பை நீலமாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தேன். இரும்பு இருந்தது. யாருக்குள் இருந்தது? உடம்பில் குப்பை அள்ளுகிற செல்கள் உண்டு. செத்ததையெல்லாம் தின்று சுத்தம் செய்யும். அவை நான் போட்ட பிணங்களைத் தின்றிருந்தன. இரும்பு அவற்றின் வயிற்றில் இருந்தது. சரி, இது செத்த செல் போட்ட எலி. உயிருள்ள செல் போட்ட மற்ற எலிகள்? பெட்டியில் கிடந்த பழைய சீவல்களை எடுத்து அதே சோதனை செய்தேன். அவற்றிலும் பெரும்பாலான இரும்பு அந்தக் குப்பைக்காரச் செல்களுக்குள்தான். நாங்கள் ஆசை ஆசையாகப் போட்ட செல்கள் சில நாளில் செத்திருக்கின்றன. இரும்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டிருக்கிறது. இயந்திரத்துக்கு இரும்புதான் தெரியும். அந்த இரும்பை வைத்திருப்பது உயிரா பிணமா என்று அதற்குத் தெரியாது. நாலு வருடம் நான் எடுத்த அத்தனை படத்துக்கும் அர்த்தம் மாறிப்போனது.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு ஸாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "அது விபத்து. பரிசோதனை இல்லை. ஒரே ஒரு எலி. செல் செத்திருந்தது என்று நோட்டில் எழுதினாயா? இல்லை. உன் வார்த்தையைத் தவிர என்ன அத்தாட்சி?" என்றார். பழைய சீவல்களைப் பற்றிச் சொன்னேன். ஐந்தாறு சீவலை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாதே என்றார். முறைப்படி செத்த செல் போட்டு ஒரு குழு எலிகள் செய்ய வேண்டும், ஆமாம், ஆனால் இப்போது ஞாயிறும் இல்லை, நிதியும் இல்லை. முதலில் தீசிஸை முடி, அடுத்து வருகிறவர்கள் செய்துகொள்வார்கள் என்றார். "உன் உதவித்தொகை எப்போது முடிகிறது?" என்று கடைசியாக ஒரு கேள்வி. அது எப்போது முடிகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். திட்டியும் இருக்கிறேன், அவர் காதில் விழாத இடத்தில். ஆனால் அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வேறு படத்தைப் போடலாம் ஸார் என்று ஒரு தடவை சொன்னேன். இதுதான் தெளிவு என்றார். நான் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை டைப் அடித்தேன். சில வருடம் கழித்து, எங்கெங்கோ இருக்கிறவர்கள் செத்த செல்லை முறையாகப் போட்டுப் பார்த்து, கறுப்பை நம்பாதே என்று எழுதினார்கள். அதையெல்லாம் படித்தபோது எனக்கு வந்தது வெட்கமில்லை, வயிற்றெரிச்சல். என்னிடம் அது முன்னாலேயே இருந்தது.

கட்டுரை வந்த கொஞ்ச நாளில் ஒரு வங்காளப் பத்திரிகை ஸாரைப் பேட்டி கண்டு, படத்தோடு அரைப்பக்கம் போட்டது. அடிபட்ட முதுகில் உயிர்ச்செல்கள் குடியேறின என்று தலைப்பு. கடைசி வரியில், ஒரு தமிழ்ப் பெண் இந்த ஆய்வில் உழைத்தார் என்று வேறு. அண்ணன் அதைக் கத்தரித்து பூத்துக் கண்ணாடியில் ஒட்டினான். போன் பேச வருகிறவனையெல்லாம் நிறுத்திக் காட்டினான். "என் தங்கச்சி. இங்க கறுப்பா இருக்கு பாரு, அது அவ வெச்சது." நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்றேன்.

தீசிஸ் கொடுத்தாகிவிட்டது, வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு அண்ணன் ஒரு வழவழப்பான காகிதத்தை என் முன்னால் போட்டான். தெற்குக் கல்கத்தாவில் ஒரு நர்சிங் ஹோம். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதில் உள்ள செல்களை முதுகில் ஊசியாகப் போடுகிறார்களாம். காகிதத்தின் நடுவில் பதினேழாம் எலி. பத்திரிகையிலிருந்து சுட்டிருந்தார்கள்.

"டாக்டரைப் பாத்துட்டேன். எழுபது பேருல ஒருத்தர் எந்திரிச்சு நின்னாலும் லாபம்தானேங்கறாரு. எனக்கு அவர் பேச்சு வேண்டாம். நீ சொல்லு" என்றான். அன்றைக்கு அவன் குரலில் கிண்டலே இல்லை. "இது உன் படம்தானே? இந்தச் செல்லு உள்ள போய் உயிரோட இருக்குதானே, பாப்பா?"

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாசல்படியில் வந்து நின்றாள். ஒரே ஒரு மாதம்தான், வாய்மொழித் தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எனக்குள் ஓடியது. இப்போது சொன்னால் அவன் சும்மா இருக்கமாட்டான். பத்திரிகைக்குப் போவான், ஸாரிடமே போய் நிற்பான், என் ஐந்து வருடம் போய்விடும். "ம்" என்றேன்.

"வைவா முடியட்டுமே. அப்புறமா நிதானமாப் பேசலாம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"உனக்கென்ன, நிதானமாப் பேசலாம். ஒன்பது வருஷமா உக்காந்தவனைக் கேளு" என்று சிரித்தான். தேதி ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தான்.

அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். ஹௌராப் பக்கத்திலிருந்து பெரிய பாலத்தின் மேல் டாக்ஸியில் போனோம். புதுச் சட்டை போட்டிருந்தான். வழியெல்லாம் டிரைவரோடு கால்பந்து பேசிக்கொண்டு வந்தான். டாக்டர் என்னைப் பார்த்ததும், சொந்தத் தங்கையே விஞ்ஞானி, நான் எதை விளக்குவது என்று கைகூப்பினார். சம்மதப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். கீழே உறவினர் சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்கள். அந்த இடத்தில்கூட நான் வாயைத் திறந்திருக்கலாம். அங்கே ஸாரும் இல்லை, தேர்வுக்காரரும் இல்லை. போட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசியது. தண்டைச் சுற்றி நோய்த்தொற்று. நர்சிங் ஹோம்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுக் கைகழுவினார்கள். அவன் அங்கே இருக்கும்போதுதான் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மூன்றாம் படத்தைக் காட்டி, மிக நேர்த்தி என்றார். நன்றி என்றேன். எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். அதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் பாதியைத் தின்றுவிட்டு, "வாங்க டாக்டரம்மா, இனிமே நிஜ டாக்டரம்மா" என்றான்.

உயிர் பிழைத்தான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உடம்பு தேறட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டான். "பாப்பா, எரியுது" என்றான். இடுப்புக்குக் கீழே, தொடையிலிருந்து பாதம் வரை, நெருப்பை அள்ளிக் கொட்டியது போல எரிகிறது என்றான். முகமெல்லாம் வியர்வை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடமாக ஊசி குத்தினாலும் தெரியாத கால். நர்சிங் ஹோம் டாக்டருக்குப் போன் போட்டால், நல்ல அறிகுறி, செல்கள் வேலை செய்கின்றன என்றார். பாவி. அம்மா தெருவில் இருந்த காளி கோயிலுக்கு ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தோம். எனக்குப் படம் பார்க்கத் தெரியும். தொற்று ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து, நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதுதான் எரிந்தது. இதற்கு மருந்தில்லை, வலியைத்தான் குறைக்க முடியும் என்று அந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் அந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். வலியை அமுக்கினால் வருகிற உணர்ச்சியும் அமுங்கிவிடும் என்பது அவன் கணக்கு. ஒரு மூச்சு உட்கார முடியவில்லை. ஸ்டூலுக்கு எம்புகிற வேலை போயிற்று. பூத்தை மூடினோம். படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, தலையணை உறையைக் கிழித்துக்கொண்டு, இன்றைக்கு முழங்கால் வரை, இன்றைக்குக் கணுக்கால் வரை என்று எரிச்சலை அளந்துகொண்டிருந்தான். நாலு மாதம் இப்படி. அம்மா கெஞ்சினாள். நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். போடி, உள்ளே உயிர் வந்துகொண்டிருக்கும்போது விஷத்தைக் கொடுக்கிறாயே என்பான்.

ஒரு மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். உதட்டில் ரத்தம்.

"கட்டைவிரல் வரைக்கும் வந்துடுச்சு" என்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். மெயின் சுவிட்ச், மிதந்த செல்கள், நீலச் சாயம், அன்றைக்கே போட்ட ஊசி, குப்பை தின்கிற செல்கள், ஸார், நான் எழுதிய இரண்டு வரி. ஒன்றையும் விடவில்லை. 

"எந்தப் படம்? பூத்துல ஒட்டினேனே, அதுவா?"

"அதேதான்."

"போடும்போதே செத்ததா?"

"ஆமா."

"நான் கேட்டேனே உன்னை. அப்போ தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்போ இந்த எரிச்சல்?" என்றான்.

"ஊசி போட்ட இடத்துல புண்ணாகி, நரம்பெல்லாம் ஒட்டிக்கிச்சு. அதுதான் எரியுது. அங்க ஒண்ணும் வரலண்ணா."

 கூரையைப் பார்த்தபடியே கையை நீட்டினான்.

"அந்த மாத்திரையைக் குடு" என்றான். "ரெண்டா குடு."